மேல்தாழ்ப்பாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள், எழில். மணி பதினொன்றே முக்கால். ஆழினி இப்போதுதான் தூங்கினாள். துண்டு துண்டாக மெசேஜ் போடாதே, ஒரு நோட்டில் எழுதி ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து அனுப்பு, கப்பலில் சிக்னல் வரும்போது மொத்தமாகப் படித்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னதால்தான் இந்த நோட்டு. கையெழுத்து கோணலாக இருந்தால், இன்னொரு கை பாப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஹைதராபாத் வந்து மூன்று நாளாகிறது. வீடு இரண்டாவது மாடி. சன்னல் கம்பிகளை எல்லாம் மாமா ஆட்டிப் பார்த்துவிட்டார். முன்கதவில்தான் ஒரு சிக்கல். குமிழைத் திருகினால் திறந்துகொள்கிறது, அது பாப்பாவுக்கு எட்டுகிறது. நல்லவேளை மேலே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கவலையில்லை.

இன்று முதல் வகுப்பு. பதினாறு பேரில் பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான். பைலட் லைசென்ஸ் வாங்கி ஐந்து வருஷம் வீட்டில் உட்கார்ந்தவளும் நான் ஒருத்திதான். நான்கு வாரம் பாடம், எழுத்துத் தேர்வு, அப்புறம் மூன்று வாரம் சிமுலேட்டர், கடைசியில் அதிலேயே ஓட்டிக் காட்டும் தேர்வு. அதில் தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டாம். அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு ஆழினியும் 'மாமா' என்கிறாள். "தாத்தா சொல்லு கண்ணு" என்று நாள் முழுக்கப் போராடியிருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது அவரே ஓய்ந்துபோய் "இன்னாம்மா பண்றது, மாமாவாவே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காக்பிட்டின் படத்தை நிஜ அளவில் அச்சடித்து ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்திருக்கிறார்கள். ஹால் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டாயிற்று. சிமுலேட்டருக்குப் போகும்வரை இதுதான் விமானம். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். காகிதத்தில் இருக்கும் பொத்தானைத் தொட்டுத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழக வேண்டும்.

செக்லிஸ்ட் என்றால் ஒருவர் கேட்க, மற்றவர் அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் 'செக்ட்' என்றோ 'செட்' என்றோ பதில் சொல்ல வேண்டும். என் பார்ட்னர் ஜெரின், திருச்சூர்ப் பையன், விடுதியில் இருக்கிறான். வீட்டில் யார் கேட்பது என்று யோசித்தபோது மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் திருத்தணி டிப்போவில் கண்டக்டராக ஸ்டாப்பிங் சொன்ன குரல். "பார்க்கிங் பிரேக்" என்று அவர் கேட்டால் கடைசி சீட்டில் இருப்பவரும் எழுந்து இறங்கிவிடுவார்.

"எங்க வண்டிக்கு ரெண்டு விசிலு. அவ்ளோதான், போலாம் ரைட். இதுக்கு இத்தினி கேள்வியா?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

இறக்கையின் பின்விளிம்பு கீழே இறங்கியிருந்தால்தான் விமானம் எழும்பும், அதற்கான லீவர்தான் ஃப்ளாப்ஸ் என்று விளக்கினேன். "கோழி றெக்கைய விரிக்கிற மாதிரி" என்றார். சரிதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாப்பாவுக்குச் சளி. ஹைட்ராலிக்ஸ் பாடம் பாதிகூடத் தலையில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று மொத்தச் செக்லிஸ்ட்டையும் நாற்பது நொடியில் முடித்தேன். உப்புமா கிளறிக்கொண்டே, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மாமா அட்டையைப் படிக்க வாயெடுப்பதற்குள் என் வாய் பதிலைச் சொல்லிவிடுகிறது. "திரும்பிக்கூடப் பாக்காம சொல்றியேம்மா" என்று அசந்துபோனார். எதற்குத் திரும்ப வேண்டும்? காகிதத்தில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

வீட்டில் இதுவே விளையாட்டாகிவிட்டது. பால் காய்ச்சியாச்சா என்றால் "செக்ட்". மருந்து கொடுத்தாச்சா என்றால் "செக்ட்". ஆழினிகூட, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டால் வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு "தெக்" என்கிறாள். அவள் சொல்வதை ஒரு தடவை கேட்டீர்களானால் கப்பலிலிருந்து குதித்து நீந்தி வந்துவிடுவீர்கள்.

எதிர் வீட்டுப் பத்மஜா நல்ல மாதிரி. மாமா அவரோடு தெலுங்கில் பிளந்துகட்டுகிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

முதலில் இதைப் படியுங்கள்: ஆழினி நன்றாக இருக்கிறாள். ஒரு கீறல் கூட இல்லை.

காலை ஏழேகால் மணிக்குக் கீழே தண்ணீர் லாரி வந்தது. கார் நிறுத்துமிடத்தில் தரைக்கடியில் தொட்டி இருக்கிறது, அதன் இரும்பு மூடியைத் திறந்து குழாயை விட்டிருக்கிறார்கள். பாப்பா கதவைத் திறந்துகொண்டு, இரண்டு மாடிப் படியையும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, தொட்டி விளிம்புக்குப் போயிருக்கிறாள். குனிந்து உள்ளே பார்த்திருக்கிறாள். லாரி டிரைவர் யாதய்யா பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்தார். கவுனின் முதுகுப் பொத்தான் மூன்றும் தெறித்துவிட்டன.

மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். பால் வாங்கி வந்த பிறகு மேல்தாழ் போடவில்லை போல.

யாதய்யாதான் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அரைமணி நேரம் வண்டியை எடுக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்து விட்டது யார் என்று பத்மஜா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஈரத்தலையோடு, "நான்தாம்மா, பால் பாக்கெட்டோட வந்தது நான்தான்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தேன். ஒன்பது மணி வகுப்புக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? என்ன பாடம் நடந்தது என்று கேட்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். கிடைத்திருக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாமா சாப்பிடவில்லை. இன்று செக்லிஸ்ட் படிக்கக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டது மாமாதான். அவருக்கு அதை அணைக்கத் தெரியாது. நான் சமையலறையில் இருந்தேன், குக்கர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "உன்ன நம்பித்தானப்பா விட்டுட்டு வந்தேன்" என்பது கேட்டது. மாமா "தப்புதான்பா" என்றார். நீங்கள் இன்னும் என்னவோ சொன்னீர்கள். மறுபடியும் "தப்புதான்பா".

அப்புறம் என்னிடம் பேசும்போது, இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால் டிரெயினிங்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊரைப் பார்த்துக் கிளம்பு என்றீர்கள். சரி என்றேன். நீங்கள் சொல்வதில் தப்பில்லை.

குக்கரில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாமா ஊருக்குப் போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "எனக்கே என்மேல நம்பிக்க இல்லம்மா, கொயந்தைய வெச்சிக்கினு விளையாட முடியுமா" என்றார். காலையிலேயே பையைக் கட்டிவிட்டார். பகலில் பத்மஜா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும், அவரே பத்மஜா வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஆட்டோ ஏறுமுன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று நினைத்தேன். "நல்லா படி" என்றார். அவ்வளவுதான்.

பாப்பா கதவைத் தட்டித் தட்டி மாமா, மாமா என்கிறாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுத்துத் தேர்வு தேறிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. ஆழினியிடம் சொன்னேன். "தெக்" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

சிமுலேட்டரை இன்றுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு கால்மேல் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி உள்ளே போய்க் கதவை மூடினால், அது பெட்டி என்பதே மறந்துபோகிறது. ஓடுதளத்தில் மழை பெய்கிறது. பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது. என் சுவரில் ஒட்டியிருந்ததெல்லாம் இங்கே கனமாக, சில்லென்று, கைக்கு எதிர்ப்புக் காட்டிக்கொண்டு இருக்கிறது. லீவரை நகர்த்தப் பலம் வேண்டியிருக்கிறது.

பயிற்றுநர் கேப்டன் பிஷ்ட். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இருமினால் மட்டும்தான் அவர் இருப்பது தெரியும். இன்ஜினை அணைப்பார், தீப் பிடிக்க வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். ஜெரின் அவருக்கு எமன் என்று பெயர் வைத்திருக்கிறான்.

செக்லிஸ்ட் கடகடவென்று சொல்கிறேன் என்று அவரே பாராட்டினார். பாராட்டின மாதிரிதான் எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. "வேகமாகச் சொல்கிறாய்" என்று மட்டும்தான் சொன்னார்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழில், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

இன்று எட்டாவது பாடம். ஜெரின் இடது சீட்டில், நான் வலது சீட்டில். ஓடுதளத்துக்குப் போகிற வழியில் கேப்டன் பிஷ்ட் விமானப் பணிப்பெண் மாதிரிப் பேசி, ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்றார். நான் அவர் பக்கம் திரும்பிப் பதில் சொன்னேன். அந்த நேரத்தில் அவர் கை எங்கள் நடுவே வந்து போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஜெரின் வெளியே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

புறப்படுமுன் செக்லிஸ்ட். ஜெரின் கேட்டான், நான் பதில் சொன்னேன். ஃப்ளாப்ஸ் என்றான். "செட்" என்றேன். அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் சொன்னேன். ஜெரின் வேகத்தைக் கொடுத்தான். அவ்வளவுதான், சிவப்பு விளக்கும் மணியும். நிற்காமல் அடிக்கிற மணி. நான் கல்லாகிவிட்டேன். ஏன் அடிக்கிறது என்றுகூட எனக்குப் புரியவில்லை. எல்லாம்தான் சரியாக இருக்கிறதே, நான்தானே சொன்னேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஜெரின்தான் "ஸ்டாப்" என்று கத்தி, வேகத்தை இழுத்து நிறுத்தினான்.

ஃப்ளாப்ஸ் லீவர் சைபரில் இருந்தது. என் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி.

கேப்டன் பிஷ்ட் பெட்டியை அப்படியே உறைய வைத்து, உள்ளே விளக்கைப் போட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "செட் என்று சொன்னபோது நீ எதைப் பார்த்தாய்?" என்று கேட்டார். லீவரைப் பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த நொடியில் என் கண்முன்னால் இருந்தது என்ன என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஹால் சுவர். அந்தக் காகிதம். அதில் லீவர் எப்போதும் சரியான இடத்தில்தான் இருக்கும்.

"எதையும் பார்க்கவில்லை, சார்" என்றேன்.

காகிதத்தின்முன் பழகிய எல்லோருக்கும் ஒரு முறையாவது இது வரும் என்றார். அதற்காகத்தான் கையை நீட்டி லீவரைச் சைபருக்குத் தள்ளி, இறக்கையை மடக்கியிருக்கிறார். பாடம் முடிந்து வெளியே வந்தால் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவர்தான் முதலில், தன் வாயால், நடந்ததைச் சொல்ல வேண்டும். 'ஏனென்றால்' என்ற வார்த்தையே வரக் கூடாது. பிறகு அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினேன். கேட்கப்பட்டது. பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன். சொன்னதை என் பார்ட்னர் நம்பினான்.

அந்தக் கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

ஜெரின் என்னைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது சிமுலேட்டர்தானே, ஆருக்கும் ஒண்ணும் ஆகல்ல" என்றான். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். தண்ணீரை நிறுத்தத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

ஆகஸ்ட் இருபதாம் தேதிப் பக்கத்தை நீங்கள் எப்போதோ படித்திருப்பீர்கள். அதில் நான் எழுதாமல் விட்டது இதுதான்.

மாமா இரண்டு கையிலும் பாலும் தயிருமாக வந்தார். கதவைக் காலால் சாத்தினார். பாலை அடுப்படியில் வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனவர், வாசலில் நின்று "மேல்தாழ் போட்டியாம்மா?" என்று கேட்டார். ஆழினி என் நாற்காலிக்குப் பின்னால் கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். என் வலது கை காகிதத்தில் பார்க்கிங் பிரேக் மேல் இருந்தது. "செக்ட்" என்றேன். நான் திரும்பவில்லை. அவர் அதை நம்பிக் குளிக்கப் போனார்.

பத்மஜா கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. வாயைத் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. அதற்கு முன்பே, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். 'மாமா தாழ் போடவில்லை.' மூன்று வார்த்தை. ஒரு லீவருக்காக ஒரு பக்கம் உண்மை எழுதிக் கையெழுத்துப் போட்டவள், என் பிள்ளைக்காக எழுதியது அந்த மூன்று வார்த்தை.

நீங்கள் ஸ்பீக்கரில் திட்டியபோது எனக்கு எல்லாமே கேட்டது. குக்கர் அப்போது விசில் அடிக்கவில்லை.

இன்று காலை பாப்பா எழுவதற்குள் மாமாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நீங்கள் தாழ்ப்பாளைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள் மாமா, நான் பார்க்காமலே சொல்லிவிட்டேன், உங்களுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"மறக்கலியேம்மா" என்றார்.

தெரிந்துகொண்டா எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தெரியாமயா? நான் கேட்டேன், நீ செக்ட்னே. தண்ணிய மொண்டு ஊத்திக்கினேன்." அப்புறம் சொன்னார்: "உனுக்குப் பரீட்ச இருக்குது. எழிலு உன்னத் திட்டினான்னா, அந்தப் பொட்டிக்குள்ள போயி நீ எப்டி உக்காருவ? என்னத் திட்டினா இன்னா. முப்பத்தோரு வர்சம் பேசஞ்சர்கிட்ட வாங்காத திட்டா."

எழிலிடம் சொல்லப்போகிறேன் என்றேன். பரீட்சை முடிகிறவரைக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, பாப்பா இட்லி திங்கிறதா, இன்னும் மாமான்னுதான் சொல்லுதா என்று விசாரித்தார். போனை வைக்குமுன், "அந்தக் கதவுக்கு நான் வந்திருந்தப்பவே மேல தானா மாட்டிக்கிற கொக்கி ஒண்ணு அடிச்சிருக்கணும். அதான் என் தப்பு" என்றார்.

தப்பு உன்னுடையது என்று என்னிடம் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எழில். ஆட்டோவில் ஏறுமுன் என் முகத்தைப் பார்த்தாரே, அது நான் சொல்வேன் என்று காத்திருந்த ஒரு நிமிஷம் என்று இப்போது தெரிகிறது. நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல் கேட்காமல் இதை நாளை அனுப்புகிறேன். என் தேர்வு இருபத்திரண்டாம் தேதி. இதைப் படித்துவிட்டு டிரெயினிங் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அதற்குப் பயந்துதான் அந்த மூன்று வார்த்தையை அனுப்பினேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதற்காக மாமா, தன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவராகத் திருத்தணியில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சுவரிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டேன். சுண்ணாம்பும் கொஞ்சம் பெயர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்காரர் கத்துவார்.

இந்த வரி எழுதுமுன் எழுந்து போய்ப் பார்த்தேன். மேல்தாழ் போட்டிருக்கிறது. விரலால் தொட்டும் பார்த்தேன். வந்து உட்கார்ந்த பிறகு, உண்மையில் போய்ப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி எழுந்து போனேன்.

முதலில் அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். அவரிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். என்ன சொல்வதாக இருந்தாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

வினோதினி